ஐந்தாம் வகுப்பும் அறிவு வேட்கையும்

1

அறிய வேண்டும் என்ற ஆவலை வளர்த்துக்கொண்டவன் வாழ்வில் உயர்வான் என்பது இன்று எங்கும் ஒலிக்கும் உபதேசம். பரிசளிப்பு விழா மேடைகளிலும் சுயமுன்னேற்ற நூல்களிலும், உத்தியோகத்துக்கு ஆள் தேடுவோரின் அறிவுரைகளிலும் அதனைக் கேட்கிறோம். கேட்பதற்கு இனிய உபதேசந்தான். அதில் மறுப்பதற்கு எதுவுமில்லை என்றுகூடத் தோன்றும். ஆயினும் எல்லோரும் தலையசைக்கும் வாக்கியங்களை உரைத்துப் பார்ப்பது திறனாய்வின் கடமை. யாருடைய ஆவல்? அதனை யார் வளர விடுகின்றனர்? உயர்வு என்று சுட்டப்படுவது எது? இம்மூன்று வினாக்களையும் எழுப்பாமல் அந்த உபதேசத்தை மாணாக்கர்க்கு வழங்குவோமாயின், ஆராயும் மனப்பான்மையையே மனப்பாடம் செய்விக்கும் விசித்திர ஆசிரியர்கள் ஆவோம்.

இவ்வுபதேசத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பார் இங்கிலாந்தில் தன்னுதவி பற்றிய நூலொன்றை வெளியிட்டார். இயந்திரத் தொழில் வளர்ந்து முதலாளித்துவம் தழைத்த காலம் அது. தாழ்ந்த நிலையில் பிறந்து உயர்ந்த மனிதர்களின் கதைகளை அடுக்கிக்காட்டி, ஊக்கமும் விடாமுயற்சியும் உடையவன் முன்னேறுவான் என்று அந்நூல் கூறிற்று. முன்னேறாதவன் ஊக்கமில்லாதவன் என்பது சொல்லாமலே பெறப்பட்டது. இன்றைய சுயமுன்னேற்ற நூல்கள் பலவும் அந்நூலின் வழித்தோன்றல்களே. வறுமைக்கும் இழிவுக்கும் காரணத்தைச் சமுதாய அமைப்பிலே தேடாமல் தனிமனிதனின் உள்ளத்திலே தேடச் செய்வது அவற்றின் பொதுப்பண்பு.

யாழ்ப்பாணத்தில் இக்கருத்து ஊன்றுவதற்கு ஏற்ற நிலம் இருந்தது. ஆறில்லாத ஊர் இது. கிணற்று நீரை நம்பிப் புகையிலையும் வெங்காயமும் செய்த தோட்டங்கள் தலைமுறைதோறும் துண்டுபட்டன. நடுத்தரக் குடும்பங்கள் கண்ட வழி அரசாங்க உத்தியோகம். படித்தவன் என்ற சொல்லுக்கே உத்தியோகம் பார்ப்பவன் என்பது பொருளாயிற்று. இந்த நிலைமைக்கும் மெய்யான அறிவு வேட்கைக்கும் இடையிலான முரண்பாட்டை வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாற்றிலேயே காணலாம். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய அக்கல்விக்கூடம் கணிதமும் வானியலும் தமிழும் ஆங்கிலமும் கற்பித்தது. 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பும் செமினரியின் கணிப்பும் வேறுபட்டபோது, வழக்கைத் தீர்க்க வானத்தையே பார்க்க வேண்டியதாயிற்று. மிஷனரிமாரின் நோக்கம் சமயம் பரப்புதல் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் சொன்னவர் யார் என்று கேளாமல், சொன்னது மெய்யா என்று கேட்கும் வழக்கத்துக்கு அத்தகைய நிகழ்ச்சிகள் வித்திட்டன. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். உயர்ந்த உத்தியோகம் பார்த்தவர்தாம்; ஆனால் ஏடு தேடும்படி எந்த உத்தியோகமும் அவரைப் பணிக்கவில்லை.

அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றோர் சமயப் பணியை நாடாமல் அரசாங்கச் சேவையை நாடுகின்றனர் என்பது மிஷன் மேலிடத்தாரின் பெரிய மனக்குறை. ஆனால் அவர்கள் குறையாகக் காணாத வேறொன்றே நமக்கு முக்கியம். அக்கூடத்தில் கிரகணத்தைக் கணக்கிடக் கற்றோருட் பெரும்பாலார் உயர்சாதியினர். வேலிக்கு அப்பால் நின்ற பிள்ளைக்கும் அதே வானந்தான் தெரிந்தது. அவன் மனத்தில் எழுந்த வினாவைக் கேட்பதற்குத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

2

அந்தப் பிள்ளை ஒரு நூற்றாண்டின் பின்னர் பேசத் தொடங்கினான். டொமினிக் ஜீவாவின் வாழ்வையும் எழுத்தையும் இங்கே நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. 1927இல் யாழ்ப்பாணத்தில், சிகையலங்காரத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவர் பிறந்த காலத்தை நினைவுகூர்தல் வேண்டும். 1930ஆம் ஆண்டளவில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற விதி வந்தபோது, தீபகற்பத்தின் சில இடங்களில் பாடசாலைக் கட்டடங்கள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை நிலத்தை விட்டு வாங்கில் அமர்வதைப் பொறுக்கமாட்டாமல் பள்ளிக்கூடத்தையே எரிக்கத் துணிந்தவர்கள் நம்மிடையே இருந்தனர். கல்வியைத் தெய்வமாகப் போற்றும் சமுதாயம் என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் பெருமையோடு இச்செய்தியையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மையாகும்.

ஜீவா கற்றது ஐந்தாம் வகுப்பு வரையில். ஆசிரியர் ஒருவர் அவருடைய குலத்தொழிலைச் சுட்டி வகுப்பறையில் இழித்துரைக்க, அந்தச் சொல்லைத் தாங்காது பள்ளியை விட்டு வெளியேறினார். பிறகு அவர் நின்ற இடம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன். யாழ்ப்பாணத்து அளவுகோலின்படி அவருடைய கல்வி அன்றோடு முடிந்தது. அவரைப் பொறுத்தவரை அது தொடங்கியதே அங்குதான்.

சலூன் என்பது விந்தையான ஓர் இடம். வாடிக்கையாளருக்காக வாங்கிப் போடப்பட்ட பத்திரிகையும் சஞ்சிகையும் அங்கே கிடக்கும். வழக்கறிஞரும் கடைச் சிப்பந்தியும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே கதிரையில் ஒருவர்பின் ஒருவராக அமர்வர். ஊர்ப்பேச்சும் உலகப்பேச்சும் கத்தரிக்கோல் ஓசையோடு கலந்து நடக்கும். வாசிகசாலையும் சனசமூக நிலையமும் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அந்தக் கடை செய்தது. ஆனால் இடம் மட்டும் போதாது. யாழ்நகரில் எத்தனையோ சலூன்கள் இருந்தன. எல்லாவற்றிலும் பத்திரிகை கிடந்தது. ஜீவாவின் ஆவலுக்கு உணவளித்தவை வேறு இரண்டு. ஒன்று, மனத்தில் ஆறாது கிடந்த அந்த வகுப்பறைச் சொல். தம்மை இழிந்தவன் என்று சொல்லும் உரிமையை அந்த ஆசிரியருக்கு வழங்கியது எது என்ற வினா அவரை விடவில்லை. மற்றையது, அவ்வினாவைத் தனிமனிதக் குமுறலாக அழியவிடாமல் சமுதாய வினாவாக மாற்றிக் கொடுத்த தோழமை. இடதுசாரி இயக்கமும் மு. கார்த்திகேசன் போன்ற பொதுவுடைமை ஆசிரியரின் தொடர்பும், தமிழகத்திலிருந்து வந்த தோழர் ப. ஜீவானந்தத்தின் மீது கொண்ட பற்றும் அவருக்குக் கிடைத்தன. டொமினிக் என்ற பெயரோடு ஜீவா என்ற பெயர் சேர்ந்தது அப்பற்றின் விளைவே. கே. டானியல், எஸ். பொன்னுத்துரை ஆகிய சமகாலத்தவரின் நட்பும் விவாதமும் உடன் வந்தன. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அமைந்தபோது இவ்விளைஞர்களின் தனித்தனி வேட்கைகளுக்கு ஒரு பொது மேடை கிடைத்தது.

ஆகவே அறியும் ஆவல் என்பது ஒருவனின் மண்டைக்குள்ளே பூட்டிவைத்த விதை அன்று என்பது நமது முதல் முடிவு. அதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும். உறுத்துகின்ற ஒரு வினா வேண்டும். அவ்வினாவைக் கேட்டுச் சிரிக்காத கூட்டமும் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்து ஆவல் பிறந்த வேகத்திலேயே கருகிவிடும். இம்மூன்றையும் பறித்துவைத்துக்கொண்டு, உன்னிடம் ஆவல் இல்லை என்று பிள்ளையைக் குறைகூறுவது அறமாகாது.

3

1999இல் வெளிவந்த 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' ஜீவாவின் தன்வரலாறு. இந்நூலைப் படிக்கும்போது மாக்ஸிம் கார்க்கி நினைவுக்கு வருதல் இயல்பு. பல்கலைக்கழகக் கனவோடு கசான் நகருக்குச் சென்று, கல்லூரி வாசலைக் காணாமல் ரொட்டிச் சுடுமனையில் மாவு பிசைந்த கார்க்கி, அந்த அனுபவங்களை எழுதிய நூலுக்கு 'எனது பல்கலைக்கழகங்கள்' என்றே பெயரிட்டார். வோல்கா நதியிலே சென்ற கப்பலின் சமையற்காரர் ஒருவர் அவருக்குப் புத்தக உலகைத் திறந்துவிட்டார். கஸ்தூரியார் வீதிச் சலூனையும் அந்தச் சமையலறையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மிகையன்று.

ஆனால் ஒற்றுமையைக் கூறிவிட்டு வேற்றுமையைக் கூறாவிடின் அது புகழுரையாகிவிடும். கார்க்கி தம்மை உருவாக்கிய மனிதர்களைத் தம்மினும் பெரிதாக வரைகிறார். அவருடைய பாட்டி, அந்தச் சமையற்காரர், ரொட்டிக்கடைத் தொழிலாளர் ஆகியோரே நம் மனத்தில் நிற்கின்றனர். ஜீவாவின் நூலிலே சில வேளைகளில் சாதித்த மனிதரின் குரல், தேடிய சிறுவனின் குரலை மூடிவிடுகிறது. நினைவு போன போக்கில் செல்லும் நூலாதலின் கட்டுக்கோப்பும் தளர்கிறது. ஆயினும் அவமானத்தை அவர் எழுதும் இடங்கள் தமிழ்த் தன்வரலாறுகளில் அரிதாகக் காணப்படும் நேர்மை உடையவை. தமது தொழிலை அவர் மறைக்கவில்லை. அதிலிருந்து தப்பி உயர்ந்துவிட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தொழிலின் கதிரையருகே நின்றபடியே எழுத்தாளரானவர் என்ற பெருமிதம் நூல் முழுவதும் உண்டு. சுயமுன்னேற்ற நூல்களின் கதாநாயகனோ தான் பிறந்த குடிசையைத் திரும்பிப் பார்ப்பது, எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அளப்பதற்கு மட்டுமே. ஜீவா தம் மக்களைவிட்டு வெகுதூரம் செல்வதையே வளர்ச்சியென்று கொள்ளாதவர்.

அவருடைய சிறுகதைகளுக்கு வருவோம். 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 'பாதுகை', 'சாலையின் திருப்பம்' ஆகிய தொகுதிகள் அதே தசாப்தத்தில் தொடர்ந்தன. அதுவரை ஈழத்துக் கதைகளில் எடுபிடியாகவோ இரக்கத்துக்குரிய பொருளாகவோ வந்துபோன மனிதர்கள் இக்கதைகளிலே தம் வாயாலே தம் மொழியிலே பேசினர். அம்மொழியை இழிசனர் வழக்கென்று பழமைவாதப் பண்டிதர்கள் இகழ்ந்ததும், முற்போக்கு எழுத்தாளர் அதற்கு விடையளித்ததும் 1960களின் இலக்கியப் போராட்ட வரலாறு. இக்கதைகள் யாவும் வெற்றி என்று நாம் கூறமாட்டோம். எழுதத் தொடங்கு முன்னரே விடையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட கதைகள் சில உண்டு. அங்கே பாத்திரங்கள் ஆசிரியரின் தீர்ப்பைச் சுமந்து வரும் ஏவலர்கள் ஆகிவிடுகின்றனர். உணர்ச்சி பெருக்கெடுக்கிறது, ஆனால் மனிதன் புலனாவதில்லை. மற்றும் சில கதைகளிலோ, இந்த மனிதன் இன்று காலை என்ன நினைத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டிருப்பான் என்ற மெய்யான ஆவல் எழுத்தாளரை இயக்குகிறது. அங்கே தொழிலின் நுணுக்கம், கையின் பழக்கம், கூலிக்கணக்கு, மானம் யாவும் இயல்பாக வந்து சேர்கின்றன. கொள்கை எழுத்தாளனுக்குப் பார்வையைத் தரும். பார்க்க வேண்டியது அவனேயாம். முற்போக்கு இலக்கியத்தின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இவ்வொரு வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளன. இதனை எதிர்முகாமினர் கூறுமுன் நாமே கூறுதல் நல்லது.

4

ஜீவாவின் தலையாய படைப்பு எது என்று கேட்டால், கதைகளையன்றி 'மல்லிகை'யையே நாம் காட்டுவோம். 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அச்சஞ்சிகை, போரினால் ஊர் சிதைந்த பின்னரும் கொழும்பிலிருந்து தொடர்ந்து, நானூறு இதழ்களைக் கடந்து 2012 வரை வெளிவந்தது. மூலதனம் இல்லாத மனிதர் பிரதிகளைக் கையிலே சுமந்து தெருத்தெருவாக விற்று நடத்திய சஞ்சிகை அது. ஈழத்து எழுத்தாளர், கலைஞர், தொண்டர் ஆகியோரின் முகங்களை அட்டையில் பதித்து, அவர்களைப் பற்றி எழுதச்செய்தது. மலையகத்தவரும் முஸ்லிம் எழுத்தாளரும் தென்னிலங்கைத் தமிழ் எழுத்தாளரும் யாழ்ப்பாணத்து வாசகரைச் சந்தித்த களமாயிற்று. திக்குவல்லை கமால் போன்றோர் அதில் எழுதி வளர்ந்தனர். சிங்கள இலக்கியத்தின் மொழிபெயர்ப்புகளும் அதில் வந்தன. இரண்டு மக்களும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதற்கே அரசியல்வாதிகள் உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், அயலான் என்ன எழுதுகிறான் என்று கேட்பது எளிய செயலன்று. ஆவலின் சமுதாயப் பயனுக்கு இதனினும் சிறந்த சான்று நமக்குத் தெரியவில்லை.

அச்சஞ்சிகையில் 'தூண்டில்' என்ற கேள்வி-பதில் பகுதி ஒன்று இருந்தது. வாசகர்கள் கேட்பர், ஜீவா விடையளிப்பார். ஐந்தாம் வகுப்பிலே வாயடைக்கப்பட்டவரிடம் நாடெங்கிலுமிருந்து வினாக்கள் வந்து குவிந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விடைகள் எல்லாம் ஆழமானவை அல்ல. சில உபதேசமாக முடியும். சிலவற்றில் சொல்வன்மை ஆராய்ச்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனுக்குடன் விடை சொல்லும் பகுதிக்குரிய குறை அது. ஆனால் அப்பகுதியின் பெறுமதி விடைகளில் தங்கியிருக்கவில்லை. கிராமத்திலிருக்கும் இளைஞன் ஒருவன், பட்டமில்லாத ஒருவன், தன் வினா அச்சில் ஏறத்தக்கது என்று அதன்மூலம் அறிந்தான். தன் வினாவுக்கு மதிப்பு உண்டு என்று அறிந்தவனே அடுத்த வினாவைக் கேட்பான். பாடசாலைகள் செய்யத் தவறிய இப்பணியைப் பல்லாண்டுகள் ஒரு சிற்றேடு செய்தது.

இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி 1960களின் நடுப்பகுதியில் பிளவுண்டபோது டானியலும் ஜீவாவும் வெவ்வேறு அணிகளிலே நின்றனர். இலக்கிய உலகிலும் கசப்புகள் நிறைந்த காலம் அது. அத்தகைய வேளையில் ஒரு சஞ்சிகை தன் அணியின் ஊதுகுழலாகச் சுருங்கிவிடுவது எளிது. மல்லிகை அக்குறைக்கு முற்றிலும் தப்பியது என்று சொல்வதற்கில்லை. எனினும் தன்னோடு முரண்பட்டோருக்கும் பக்கங்கள் ஒதுக்கிற்று. மாற்றான் சொல்வது என்ன என்று அறியும் ஆவல் இல்லாதவிடத்துக் கொள்கை வெறும் மந்திரமாகிவிடும் என்பதை இடதுசாரி இளைஞர் இன்றும் மனங்கொள்ள வேண்டும்.

5

2021 ஜனவரியில் ஜீவா காலமானார். பள்ளியிற் படியாமலே ஒருவர் எவ்வளவு உயர்ந்தார் என்று அவரைப் பலரும் பாராட்டினர். பாராட்டு மெய்யானது, ஆயினும் அதனுள்ளே ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. அவரைப் பார், உன்னாலும் முடியும் என்று சொல்லும்போது, அவரை வெளியேற்றிய வகுப்பறை குற்றக்கூண்டிலிருந்து மெல்ல இறங்கிவிடுகிறது. அந்த வகுப்பறையை விட்டு வெளியேறியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். ஒருவர் மல்லிகை நடத்தினார். மற்றவர்களின் மனத்தில் இருந்த வினாக்கள் எவை என்பது நமக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஜீவாவின் வெற்றியைக் கொண்டாடுவதோடு இந்த இழப்பையும் கணக்கிடுவதே முற்போக்குத் திறனாய்வாகும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. அதனால் திறந்த வாசல்கள் பல. அதே காலப்பகுதியிலே, ஊர் முழுவதும் பயன்பெறும் நூல்நிலையம் ஒன்றும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்துவந்தது. 1933இல் க. மு. செல்லப்பா என்பார் தம் வீட்டிலே சேர்த்த நூல்களைப் பிறர்க்கு வழங்கத் தொடங்கிய முயற்சி, 1959இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் எழில்மிகு கட்டடமாக நிமிர்ந்தது. 1981இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. நூலை எரித்தவனின் அச்சமும், சம ஆசனம் கேட்ட பள்ளியை எரித்தவனின் அச்சமும் வெவ்வேறு கைகளில் இருந்தாலும் ஒரே தன்மையன. அடக்கப்பட்டவன் அறியத் தொடங்கினால் பணியமாட்டான் என்பதே அவ்வச்சம். முதலாவது தீயை மறவாதிருக்கும் நாம் இரண்டாவதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

இன்று கட்டடங்கள் மீண்டும் எழுந்துள்ளன, நூலகமும் திறந்திருக்கிறது. தீயில்லாமலே வேட்கையை அணைக்கும் வழியொன்றும் நம்மிடையே வளர்ந்துவிட்டது. ஜீவா பள்ளியை விட்ட அதே ஐந்தாம் வகுப்பில் இன்று புலமைப்பரிசிற் பரீட்சை நிற்கிறது. வறிய பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் வாசலைத் திறப்பதற்கென்று வந்த பரீட்சை, பத்து வயதுப் பிள்ளையை விடியற்காலையிலும் மாலையிலும் ரியூட்டரியில் இருத்தி, மாதிரி வினாத்தாள்களை நிரப்பச் செய்யும் ஓட்டமாகிவிட்டது. அப்பிள்ளை ஆயிரம் வினாக்களுக்கு விடை எழுதுகிறது. அவற்றுள் ஒன்றேனும் அது தானாகக் கேட்ட வினா அன்று. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளை பத்து வயதிலேயே தோற்றவனாக வீடு திரும்புகிறான். மேலே நின்ற பிள்ளையோ பத்திரிகையில் படமாக வந்து, விடை தெரியாத வினாவைக் கண்டு அஞ்சப் பழகுகிறான். இருவரிடமும் ஆவலை வளர்த்துக்கொள்ளச் சொல்லி மேடையேறிப் பேசுவது அந்தப் பிள்ளைகளை ஏளனம் செய்வதற்கு ஒப்பாகும்.

ஆசிரியர்களாகிய நாம் இதற்கு என்ன செய்யலாம்? பரீட்சை முறையை நாம் தனியே மாற்றிவிட இயலாது. அது தொழிற்சங்கங்களும் பெற்றோரும் கல்வியாளரும் ஒன்றுபட்டு நடத்தவேண்டிய போராட்டம். ஆயினும் வகுப்பறையின் ஒரு பகுதி இன்னும் நம் கையில் உண்டு. கிழமையில் ஒரு பாடவேளையேனும் மாணாக்கர் கேட்கவும் நாம் தேடவுமாக அமைதல் கூடும். மல்லிகை தன் வாசகருக்குச் செய்ததுபோல, பிள்ளையின் வினாவை அவன் பெயரோடு சுவரில் எழுதி வைக்கலாம். தெரியாத வினா வரும்போது தெரியாது என்று கூறி, அவர்களையும் அழைத்துக்கொண்டு நூலகத்துக்குச் செல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஏன் ஒருபோதும் கையுயர்த்துவதில்லை என்ற வினாவை நாம் நம்மிடமே கேட்க வேண்டும். அவனை ஊமையாக்கியது வறுமையா, வீட்டுவேலையா, சாதியின் பெயரால் எவரோ சொன்ன சொல்லா என்று அறியும் ஆவல் முதலில் ஆசிரியனுக்கு வேண்டும்.

அந்த ஆவலில்லாத ஆசிரியர் ஒருவரின் ஒரு சொல்லினால் டொமினிக் ஜீவாவை நமது பள்ளிக்கூடம் இழந்தது. இலக்கியத்துக்கு அவர் கிடைத்தமைக்குப் பள்ளிக்கூடம் உரிமை கொண்டாட முடியாது. இனிவரும் பிள்ளைகள் பள்ளியினாலேயே கிடைக்க வேண்டும். பள்ளியை மீறிக் கிடைத்தவர்களைப் போற்றுவதோடு நமது பொறுப்பு முடிந்துவிடாது.